சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? முதல்முறை பறப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் டிக்கெட் எடுத்து அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இரவு 23:30-க்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் காலை 06:20-க்கு வருகை. அப்பா கழித்துப் பார்த்து "ஆறு மணி ஐம்பது நிமிஷம்" என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியில் தேடி, "2,900 கிலோமீட்டர், நாலே கால் மணி நேரம்தான்" என்கிறான். போன வருடம் போய்வந்த சித்தப்பா, "அதெல்லாம் இல்லை, ஒரு முழு நாள் போயிடும்" என்கிறார்.

முதல் கணக்கு தவறு. மற்ற இரண்டும் சரி. பையன் சொல்வது விமானத்தின் நேரம், சித்தப்பா சொல்வது பயணியின் நேரம். இரண்டையும் நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். சென்னை–சிங்கப்பூர் தடத்தையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். வேறு எந்த இரு ஊர்களுக்கும் இதே வழிதான்.

முதலில், எந்த விமான நிலையம்?

ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தூரம் தேடாதீர்கள். லண்டனுக்கு ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று பல நிலையங்கள் உண்டு. துபாய்க்கு இரண்டு. கோலாலம்பூருக்குப் பெரிய பன்னாட்டு நிலையத்தோடு சுபாங்கும் இருக்கிறது. கொழும்பு என்று டிக்கெட்டில் இருந்தாலும் விமானம் இறங்குவது கட்டுநாயக்கவில். அங்கிருந்து நகரத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போக வேண்டும்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்.ஐ.என்., கட்டுநாயக்கவுக்கு சி.எம்.பி. டிக்கெட்டிலும் லக்கேஜில் ஒட்டும் பட்டையிலும் இதுதான் இருக்கும். தூரம் காட்டும் இணையதளங்களில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக இந்தக் குறியீட்டைப் போட்டுத் தேடினால் குழப்பமே வராது. பெட்டியை ஒப்படைக்கும்போதும் பட்டையில் இந்த மூன்று எழுத்தைச் சரிபார்த்துவிட்டு நகர்வது நல்ல பழக்கம்.

தூரத்தைக் கண்டுபிடிப்பது

பூமி உருண்டை. அதன் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழியைத்தான் விமானத் தூரம் என்கிறார்கள். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் படுத்திருக்கும் கோடுதான் அது. சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால், அதுவும் தொலைதூர ஊர்களுக்கு, தவறான வழியும் தவறான தூரமும்தான் கிடைக்கும்.

உடனடி விடை வேண்டுமென்றால் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளத்தில் இரண்டு குறியீடுகளைக் கொடுங்கள். கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோலும் இதே வேலையைச் செய்யும். சென்னை–சிங்கப்பூருக்குச் சுமார் 2,920 கி.மீ. என்று வரும்.

இந்த இடத்தில் பலரும் தடுமாறுவது அலகில். ஒரு தளம் 1,578 என்று காட்டும், இன்னொன்று 1,816 என்று காட்டும், மூன்றாவது 2,922 என்று காட்டும். மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கடல் மைல், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கிலோமீட்டர். விமானிகள் கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இணையத்தை நம்பாமல் கையாலேயே போட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பள்ளியில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகைதான் அடிப்படை. அட்சரேகையில் ஒரு பாகை என்பது தரையில் ஏறத்தாழ 111.2 கி.மீ.

சென்னை–கொழும்பை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையம் வடக்கே 12.99 பாகையில் இருக்கிறது, கட்டுநாயக்க 7.18 பாகையில். தீர்க்கரேகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, 80.17-உம் 79.88-உம். அதனால் அதை விட்டுவிடலாம். 12.99-இல் 7.18 போக 5.81. அதை 111.2-ஆல் பெருக்கினால் 646 கி.மீ. கணினி சொல்லும் விடை 647. ஒரே கிலோமீட்டர் வித்தியாசம்!

சிங்கப்பூர் கிழக்கேயும் தள்ளி இருப்பதால் இன்னும் இரண்டு வரி கூடுதல். சாங்கி 1.36 பாகை வடக்கு, 103.99 பாகை கிழக்கு. வடக்கு–தெற்கு வித்தியாசம் 11.63 பாகை. கிழக்கு–மேற்கு வித்தியாசம் 23.82 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால், இந்த இரண்டாவது எண்ணை, இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகைக்கு உரிய கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். சராசரி 7.17 பாகை, அதன் கொசைன் 0.992. பெருக்கினால் 23.63. இப்போது பிதாகரஸ் தேற்றம்: இரண்டு எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 26.34 பாகை. அதை 111.2-ஆல் பெருக்கினால் 2,929 கி.மீ. சரியான விடையிலிருந்து ஏழு கிலோமீட்டர்தான் தள்ளி இருக்கிறது.

இது நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர்களுக்கு மட்டும் சரிப்படும். சென்னை–லண்டனுக்கு இதே முறையில் போட்டால் 8,700 கி.மீ. என்று வரும். உண்மையில் 8,230-தான். பூமியின் வளைவு தன் வேலையைக் காட்டிவிடும். ஐரோப்பா, அமெரிக்கா என்றால் இணையதளத்தையே நம்புங்கள்.

இன்னொன்று. கணக்கில் வரும் தூரத்தை விமானம் அப்படியே பறப்பதில்லை. சென்னையில் ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காற்று வீசும் திசையைப் பொறுத்து மேற்குப் பக்கமாக ஏறினால், சிங்கப்பூர் விமானமாகவே இருந்தாலும் முதலில் மேற்கே போய்த்தான் திரும்ப வேண்டும். பிறகு வான்வழித் தடங்கள், வங்கக்கடலில் இடிமேகங்கள், நிக்கோபார் தீவுகளுக்குப் பக்கமாகப் போய் மலாக்கா நீரிணையை ஒட்டிய நெரிசலான வான்வெளி, சாங்கியில் இறங்க வரிசை. எல்லாம் சேர்ந்து கொஞ்சம் தூரத்தைக் கூட்டும். ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் ஒரு நாள் இந்த விமானத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள், வளைவுகள் கண்ணுக்கே தெரியும்.

தூரத்தை நேரமாக மாற்றுவது

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்துக்குப் போன பிறகு மணிக்குச் சுமார் 830 முதல் 850 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஆனால் 2,920-ஐ 850-ஆல் வகுத்து மூன்றரை மணி நேரம் என்று சொல்லிவிட முடியாது. ஓடுபாதை வரை ஊர்ந்து போகும் நேரம், ஏறும் நேரம், இறங்கும் நேரம், இறங்கிய பிறகு வாயில் வரை ஊரும் நேரம் எல்லாம் இருக்கிறதே.

நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு இதுதான்: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள். வான்வழி வளைவுகளுக்காகத்தான் 850-க்குப் பதில் 800. தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அந்த 40 நிமிடம்.

சிங்கப்பூருக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,920 வகுத்தல் 800, மூன்று மணி 39 நிமிடம். 40-ஐக் கூட்டினால் நான்கு மணி 19 நிமிடம். கால அட்டவணையில் இந்தத் தடத்துக்குப் போட்டிருக்கும் நேரம் இதையொட்டியேதான் இருக்கும். டெல்லி 1,760 கி.மீ.; கணக்குப்படி இரண்டு மணி 52 நிமிடம். கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. துபாய் 2,930 கி.மீ., அதாவது சிங்கப்பூரும் துபாயும் சென்னையிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. இதைக் கேட்டதும் பலரும் நம்ப மாட்டார்கள், ஆனால் உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏ350, போயிங் 787 போன்ற பெரிய விமானங்கள் இன்னும் வேகமானவை. லண்டன் மாதிரி நீண்ட பயணத்துக்கு 800-க்குப் பதில் 850-ஆல் வகுக்கலாம்.

விசிறி வைத்த விமானமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இது முக்கியம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி வெறும் 356 கி.மீ. கொழும்பில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் இரண்டு பயணத்துக்கும் ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. காரணம், யாழ்ப்பாணத்துக்குப் பறப்பது ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் விசிறி சுழலும் இந்த விமானத்தின் வேகம் மணிக்கு 500 கி.மீ. சொச்சம்தான். இதற்கு 480-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டினால் ஒன்றே கால் மணி என்று வரும். பலாலி நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. கொழும்புக்குப் பறந்து அங்கிருந்து இரவெல்லாம் பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே போய்க்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து மக்களுக்கு, மெதுவாகப் பறந்தாலும் இந்தச் சிறிய விமானம் எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அட்டவணையில் இருக்கும் நேரம் எதிலிருந்து எதுவரை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புறப்படும் நேரம் என்றால் விமானம் தரையை விட்டு எழும் நேரம் இல்லை, நிறுத்தியிருக்கும் இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். வந்துசேரும் நேரம் என்றால் அங்கே போய் நிற்கும் நேரம். தாமதம் என்ற பெயர் வராமல் இருக்க நிறுவனங்கள் இதில் சில நிமிடங்களைக் கூட்டியே போடுவார்கள். அதனால்தான் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாள் சரியான நேரத்துக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

காற்றும் மூடிய வானமும்

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் ஒன்றாக இல்லை? காற்றுதான் காரணம். 2,920 கி.மீ. தூரத்தை மணிக்கு 850 வேகத்தில் கடக்க மூன்று மணி 26 நிமிடம். எதிரே 100 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் தரையைப் பொறுத்த வேகம் 750 ஆகி, மூன்று மணி 54 நிமிடம் பிடிக்கும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் மூன்று மணி 4 நிமிடம். போகவர ஐம்பது நிமிட வித்தியாசம்.

வடஇந்தியாவுக்கும் அதற்கு வடக்கேயும் உயரத்தில் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடும். அதனால்தான் இந்தியாவிலிருந்து லண்டன் போகும்போது ஆகும் நேரத்தைவிடத் திரும்பும்போது குறைவு. தென்னிந்தியாவில் கதை வேறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, நம் தலைக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் உருவாகிறது. இந்திய வானிலை அறிவியலாளர் பி. கோட்டேஸ்வரம் 1958-இல் இதை விரிவாக விளக்கினார். அதன் வேகமான நடுப்பகுதி பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலேதான் இருக்கிறது. ஆனாலும் அதன் தாக்கம் கீழேயும் தெரியும். கீழே தரையில் மேற்கிலிருந்து காற்றடிக்க, மேலே நேர் எதிராக ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

காற்றின் பலம் எவ்வளவு என்பதற்கு ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ பயணத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. முன்பு அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்தார்கள். 2016 அக்டோபரில் கிழக்கே திரும்பிப் பசிபிக் பெருங்கடல் வழியாகப் பறந்தார்கள். தூரம் சுமார் 15,300 கி.மீ., அதாவது 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பின்னாலிருந்து காற்று தள்ளியதால் பதினான்கரை மணி நேரத்தில், பழைய வழியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வான்வெளி மூடப்படுவதும் நேரத்தை நீட்டும். 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியைப் பெரும்பாலும் மூடியபோதும், 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களுக்கு மறுபடி மூடியபோதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. சென்னை–சிங்கப்பூருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மேற்கே போகிறவர்கள் பழைய கணக்கை நம்பாமல், அந்த வாரத்தில் விமானம் உண்மையில் எவ்வளவு நேரம் பறந்தது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படிப்பது

இனி அப்பாவின் கணக்குக்கு வருவோம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரத்தில் இருக்கும். வந்துசேரும் நேரம் போய்ச் சேரும் ஊரின் நேரத்தில் இருக்கும். எந்த நிறுவனமாக இருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. மலேசியாவும் அப்படியே. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். 23:30-இலிருந்து 06:20 வரை ஆறு மணி ஐம்பது நிமிடம். அதில் இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் நான்கு மணி இருபது நிமிடம். நம் 800 கணக்கோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். திரும்பும்போது சிங்கப்பூரில் 20:00-க்கு ஏறிச் சென்னையில் 21:45-க்கு இறங்குகிறீர்கள் என்றால், ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. இரண்டரையைக் கூட்டுங்கள், நான்கே கால். கிழக்கே போனால் கழிக்க வேண்டும், மேற்கே வந்தால் கூட்ட வேண்டும்.

லண்டனுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்துக்கொள்வார்கள். அந்த மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், மற்ற மாதங்களில் ஐந்தரை.

அப்புறம் தேதி. இதில்தான் விமானத்தைத் தவறவிடுகிறார்கள், அதனால் பொறுமையாகப் படியுங்கள். டிக்கெட்டில் "15-ஆம் தேதி, 00:30" என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி. இரவு பன்னிரண்டைத் தாண்டினால் தேதி மாறிவிடுகிறது. நாமோ "15-ஆம் தேதி ராத்திரி ஃபிளைட்" என்று சொல்லிப் பழகிவிடுகிறோம். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். வளைகுடாவுக்கும் கிழக்காசியாவுக்கும் சென்னையிலிருந்து போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவை ஒட்டியே இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. டிக்கெட் கையில் வந்ததும் வீட்டுக் காலண்டரில், விமானத்தின் நேரத்தை எழுதாமல் வீட்டிலிருந்து கிளம்பும் நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். "14-ஆம் தேதி, ஞாயிறு, மதியம்" என்று. வாரத்தின் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள்.

வருகை நேரத்துக்குப் பக்கத்தில் "+1" என்று இருந்தால் மறுநாள் வருகை என்று பொருள். அழைத்துப் போக வருபவருக்கு அந்த மறுநாள் தேதியைத்தான் சொல்ல வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள், இன்சுலின் போடுபவர்கள், ஊர் நேரம் மாறுவதால் இரண்டு வேளைக்கு நடுவே உள்ள இடைவெளி கூடுமா குறையுமா என்று கிளம்புவதற்கு முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சிங்கப்பூருக்கு இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். அமெரிக்கா போனால் பகலும் இரவும் மாறிவிடும்.

மாறிப் போவதா, நேராகப் போவதா

டிக்கெட் தளங்களில் மொத்தப் பயண நேரம் என்று காட்டுவதில் நடுவே காத்திருக்கும் நேரமும் சேர்ந்திருக்கும். சென்னையிலிருந்து கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் போனால் 647-உம் 2,750-உம் சேர்த்துச் சுமார் 3,400 கி.மீ. நேர்வழியைவிட 480 கி.மீ. போல அதிகம். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி நேரம்தான் கூடும். ஆனால் கொழும்பில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருந்தால், பாதி நாள் போய்விட்டது. விலை குறைவு என்றால் இளைஞர்களுக்குச் சரி. வயதானவர்கள் முதல்முறை போகும்போது நேரடி விமானத்தில் போகட்டும் என்பதே என் கருத்து, சில ஆயிரம் ரூபாய் கூட ஆனாலும்.

"டைரக்ட்" என்று போட்டிருந்தால் நடுவில் நிற்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே எண்ணில் பறக்கும் விமானம் நடுவே ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும் அதை டைரக்ட் என்றே சொல்வார்கள். நிற்காமல் போவது "நான்-ஸ்டாப்". அதைத்தான் தேட வேண்டும்.

மாறித்தான் போக வேண்டும் என்றால் இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதுதான். பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரலாம், அந்த நாட்டுக்கு விசா இல்லாவிட்டால் அதற்கும் வழியில்லை.

வீட்டிலிருந்து வீடு வரை

இப்போது சித்தப்பாவின் கணக்கு. பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். செக்-இன் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு, விமானம் கண் முன்னே நின்றாலும் ஏற முடியாது. 23:30 விமானத்துக்கு 20:30-க்குச் சென்னை நிலையத்தில் நிற்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து சென்னை வர ஆறு ஏழு மணி நேரம், தாம்பரம் நெரிசலுக்கும் வழியில் சாப்பாட்டுக்கும் சேர்த்து மதியம் 12 மணிக்காவது கிளம்ப வேண்டும். சிங்கப்பூரில் 06:20-க்கு இறங்கும்போது நம் நேரம் அதிகாலை 03:50. இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிய ஒரு மணி நேரம், மகள் வீடு போக முக்கால் மணி. கூட்டிப் பாருங்கள், பதினேழரை மணி நேரம். இதில் விமானத்தில் இருந்தது நான்கே கால்தான்.

அதனால்தான் டிக்கெட் எடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போடுங்கள் என்கிறேன். தஞ்சாவூர்க்காரர்களுக்குத் திருச்சி விமான நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்குள். அங்கிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. திருச்சி–சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., சென்னையைவிட 60 கி.மீ.தான் அதிகம். வானத்தில் அது ஐந்து நிமிடம். தரையிலோ ஐந்தாறு மணி நேரம் மிச்சம். வீட்டிலிருந்து வீடு வரை பதினொரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது சென்னை வரை போகும் கார் வாடகையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். புதுக்கோட்டை, கும்பகோணம், அரியலூர் பக்கத்துக்காரர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். விழுப்புரத்துக்கு வடக்கே என்றால் சென்னைதான் வசதி. திரிசூலம் மின்ரயில் நிலையம் சாலைக்கு எதிர்ப்புறமே இருக்கிறது, மெட்ரோ நிலைய வாசலுக்கே வருகிறது.

இறங்கிய பிறகு ஆகும் நேரத்தைக் குறைக்க உங்கள் கையில் இருப்பது ஒன்று. சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் எஸ்.ஜி. அரைவல் கார்டு என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள் இருக்கும்போதுதான் நிரப்ப முடியும். சிங்கப்பூர் அரசின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளங்களைத் திறக்க வேண்டாம். மகளே அங்கிருந்து நிரப்பி அனுப்பலாம். நிரப்பாமல் போனால் இரவெல்லாம் தூங்காத உடம்போடு இமிக்ரேஷனில் நின்றுகொண்டு, எழுத்துகளைத் தேடித் தேடித் தட்ட வேண்டியிருக்கும்.

அழைக்க வருகிறவர் 06:20-க்கே வாசலில் நிற்கத் தேவையில்லை. விமான எண்ணையும் எந்த டெர்மினல் என்பதையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். சாங்கியில் நான்கு டெர்மினல்கள் இருக்கின்றன. விமானம் தரையிறங்கியதைக் கைபேசியில் பார்த்த பிறகு அவர் வீட்டிலிருந்து கிளம்பினாலும், நீங்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் நேரத்துக்கு வந்துவிடுவார். இங்கேயிருந்து போன சிம் கார்டு அங்கே வேலை செய்யாமல் போகலாம். அதனால் எந்தக் கதவுக்குப் பக்கத்தில் சந்திப்பது என்பதை ஊரிலேயே பேசி, அவருடைய எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.